கடவுச்சீட்டும் கப்பற் பயணமும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்தவன் நான். அவற்றுள் கடைசிப் பதினொரு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். தேர்வு நாட்களில் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லிவந்த அறிவுரை ஒன்று உண்டு. ‘வினாத்தாளை இருமுறை படியுங்கள். முதல்முறை கண் படிக்கும். இரண்டாம் முறைதான் கருத்துப் படிக்கும்’ என்பேன். இந்த அறிவுரையை ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்ன நான், என் கையில் ஒன்பதரை ஆண்டுகளாக இருந்த ஒரு சிறு புத்தகத்தை ஒருமுறைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை. அந்தப் புத்தகம் என் கடவுச்சீட்டு. பாஸ்போர்ட் என்று நாம் வழங்குகின்றோமே, அதுதான். அதைப் படிக்கத் தவறியதால் நேர்ந்ததையும், அதன்பின் நான் கற்றுக்கொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் படிப்பின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ, ஊர் காணும் ஆவலாலோ கடல் கடந்து செல்லப்போகின்றவர்கள். என் அறியாமையின் விலையை நான் கொடுத்துவிட்டேன்; நீங்களும் அதையே கொடுக்க வேண்டியதில்லை.

முதலில், கடவுச்சீட்டு என்பது யாது? ‘இவர் எம் நாட்டவர்; இவரைத் தடையின்றிச் செல்லவிடுக; தேவையாயின் உதவியும் காப்பும் அளித்திடுக’ என்று ஒரு நாட்டின் அரசு பிற நாடுகளின் அரசுகளை வேண்டிக்கொள்ளும் கடிதமே அது. அதன் உட்பக்கத்தில் இந்த வேண்டுகோள் நம் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஆகவே, கடவுச்சீட்டு வெறும் அடையாள அட்டை அன்று. பயணி எங்கே சென்றாலும் அவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருக்கிறது என்பதற்கான உறுதியும் ஆகும். இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் நான் சொல்லப்போகும் விதிகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இன்றுள்ள வடிவில் கடவுச்சீட்டு மிகப் பழமையானது அன்று. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் அது இல்லாமலே மக்கள் போய்வந்தனர். போர் வந்தது; ஒற்றர்களைப் பற்றிய அச்சமும் வந்தது; எல்லைகள் தோறும் தாள் கேட்கும் வழக்கமும் வந்தது. போர் முடிந்த பின் 1920ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நாடுகளின் சங்கம் பாரிஸ் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. எல்லா நாட்டுக் கடவுச்சீட்டுகளும் ஒரே மாதிரியாக 32 பக்கம் கொண்ட சிறு புத்தகங்களாக இருக்க வேண்டும் என்று அம்மாநாடு பரிந்துரைத்தது. ஒரே ஒரு பயணத்துக்கோ, இரண்டாண்டுக் காலத்துக்கோ அது செல்லும் என்றும் வரையறுத்தது. அன்று இரண்டாண்டு, இன்று நம் நாட்டில் வயது வந்தோருக்குப் பத்தாண்டு. காலம் நீண்டதே தவிர, காலவரையறை என்னும் கருத்து நீங்கவில்லை.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1967க்கு முன், கடவுச்சீட்டு வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கின்ற தனிமனித உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அந்த உரிமை மேலும் உறுதிபெற்றது. ஆதலின், அந்தச் சிறு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது, அது ஒருவர் இரக்கத்தால் கிடைத்த பொருள் அன்று, குடிமகனின் உரிமை என்பதை நினைவுகூர்தல் நன்று. உரிமைக்கு உடன்பிறப்பு பொறுப்பு. என் கதை அந்தப் பொறுப்பைப் பற்றியது.

என் சொந்த ஊர் நாகப்பட்டினம். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1966ஆம் ஆண்டில், என் அக்காள் திருமணமாகிப் பினாங்குக்குச் சென்றாள். அந்நாளில் ‘ரஜூலா’ என்ற நீராவிக் கப்பல் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்தது. 1926ஆம் ஆண்டு முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. நாகையில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க இயலாது. ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் ஏறிச் சென்று கப்பலில் ஏறுவார்கள். அக்காள் படகில் அமர்ந்து சென்றதும், நான் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு மணலில் நின்றதும் இன்றும் கண்முன் நிற்கின்றன. அதன் பின்னர் அவள் ஊருக்கு வந்தது மிகச் சிலமுறையே. தந்தையார் மறைந்த ஆண்டில் வந்து சென்றவள், அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளாக வரவில்லை. நானும் போகவில்லை. பள்ளி, பிள்ளைகள், கடன் என்று காரணங்கள் இருந்துகொண்டே இருந்தன.

என் மகன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். 2023ஆம் ஆண்டில் நானும் என் மனைவியும் அவனைக் காணச் சென்றோம். அப்போது பலமுறை நுழைவதற்கான இரண்டாண்டு விசா எங்களுக்குக் கிடைத்திருந்தது. அம்முறையே பினாங்கு சென்றிருக்கலாம்; ‘அடுத்த முறை’ என்று ஒத்திவைத்தேன். மறு ஆண்டில் மகன் ஓர் ஏற்பாடு செய்தான். 2024 அக்டோபர் 14ஆம் நாள் சிங்கப்பூரில் புறப்பட்டு, மறுநாள் பினாங்கு, அதன்பின் தாய்லாந்தின் புக்கெட், பிறகு மீண்டும் சிங்கப்பூர் என்று சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் எங்கள் எல்லோருக்கும் இடம் பதிவு செய்தான். அக்காளுக்கு எழுபத்தெட்டு வயது. ‘ஸ்வெட்டன்ஹாம் துறைக்குப் பேரனோடு வந்து நிற்கிறேன், நீ கப்பலிலிருந்து இறங்குவதை நான் பார்க்க வேண்டும்’ என்று தொலைபேசியில் சொன்னாள்.

அக்டோபர் 12ஆம் நாள் திருச்சி விமான நிலையம் சென்றோம். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டைப் பிரித்தார், பார்த்தார், நாட்காட்டியையும் பார்த்தார். அதன் கடைசி நாள் 2025 மார்ச் 20. அன்றிலிருந்து எண்ணினால் ஐந்து மாதமும் எட்டு நாளும் இருந்தன.

“ஐயா, உங்கள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இல்லையே” என்றார்.

“இன்னும் காலாவதி ஆகவில்லை, தம்பி. ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. நாங்கள் போவதோ ஒன்பது நாளைக்குத்தான். விசாவும் உயிரோடு இருக்கிறது” என்றேன்.

அவர் பொறுமையாக, “ஐயா, இது செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் இல்லை என்றுதான் சொல்கிறேன். அங்கே உங்களை இறங்க விடமாட்டார்கள், கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள்” என்றார்.

அந்த இளைஞர் மேல் எனக்குச் சிறிதும் குறையில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கப்பல் நிறுவனத்தின் பயணக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. முதற்பக்கத்தில் இருந்த கப்பலின் படத்தையும், உணவு நேரங்களையும் நான் படித்திருந்தேன். மூன்றாம் பக்கத்தைப் படிக்கவில்லை.

மாணவர்களே, இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று காலாவதி, மற்றொன்று பயணத்துக்குச் செல்லுபடியாதல். காலாவதி நாளை நம் நாடு குறிக்கிறது. அது கடவுச்சீட்டில் அச்சாகியுள்ளது. பயணத்துக்கு அது செல்லுமா என்பதை நாம் போகும் நாடு முடிவு செய்கிறது. அது எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. முதலாவதைக் கண்ணால் படிக்கலாம். இரண்டாவதைக் கேட்டறிந்து, கழித்துக் கணக்கிட வேண்டும். ஆறு மாதம் கேட்கும் நாடுகளுக்குச் செல்பவருக்குப் பத்தாண்டுக் கடவுச்சீட்டு உண்மையில் ஒன்பதரை ஆண்டுக் கடவுச்சீட்டே.

‘ஒன்பது நாள் தங்குகிறவரிடம் ஆறு மாதம் ஏன் கேட்க வேண்டும்?’ என்று நீங்கள் வினவலாம். நானும் வினவினேன். விடை, தொடக்கத்தில் சொன்ன கருத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டு என்பது திரும்பிச் செல்வதற்கான உறுதி. விருந்தாளி நோயுற்று மருத்துவமனையில் கிடக்கலாம், விபத்து நேரலாம், புயலாலோ போராலோ போக்குவரத்து நின்றுபோகலாம். அக்காலத்தில் அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டால், அவர் ஊர் திரும்பவும் இயலாது. வேறு நாட்டுக்குச் செல்லவும் இயலாது. அவரைத் தாங்கும் சுமை அந்த நாட்டின் மேல் விழும். எனவேதான், எதிர்பாராத தாமதத்துக்கும் இடம்விட்டு ஆறு மாதத்தை எல்லையாக வைத்தார்கள்.

இது கற்பனை அச்சம் அன்று என்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு சான்று உண்டு. 2020 பிப்ரவரி 1ஆம் நாள் ‘வெஸ்டர்டாம்’ என்ற உல்லாசக் கப்பல் 1,455 பயணிகளோடு ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டது. ஜப்பானின் யோக்கோகாமாவில் அதன் பயணம் முடிவதாக இருந்தது. கொரோனாத் தொற்றைப் பற்றிய அச்சத்தால் ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகிய இடங்களில் அக்கப்பலுக்கு இடம் மறுக்கப்பட்டது. சுமார் இரண்டு வாரம் கடலில் சுற்றிய பின், பிப்ரவரி 13ஆம் நாள் கம்போடியாவின் சிகனூக்வில் துறைமுகம் அதை ஏற்றுக்கொண்டது. பயணத் திட்டத்தில் இல்லாத ஒரு நாட்டில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் பல நாடுகள் வழியாக அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வெறும் தேதிக் கணக்கோடு புறப்பட்டவர் ஒருவர் அக்கப்பலில் இருந்திருப்பாராயின் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கப்பல் எங்கே போகும் என்பதைச் சீட்டு சொல்லும். எங்கே போய்ச் சேரும் என்பதைக் கடல்தான் சொல்லும்.

விமானப் பயணத்துக்கும் கப்பற் பயணத்துக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. விமானத்தில் செல்பவர் பெரும்பாலும் ஒரு நாட்டுக்குப் போகிறார். ஒரு விதியை அறிந்தால் போதும். உல்லாசக் கப்பலில் செல்பவர் ஒரே வாரத்தில் மூன்று நான்கு நாடுகளின் வாயிற்படிகளை மிதிக்கிறார். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனி விதி உண்டு. எந்த விதியைப் பின்பற்றுவது? எல்லாவற்றுள்ளும் மிகக் கடுமையானது எதுவோ, அதுவே முழுப் பயணத்துக்கும் விதியாகிவிடுகிறது. ஒரு சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் அளவே என்று இயற்பியல் வகுப்பில் சொல்வோமே, அதுபோன்றதே இது.

‘நான் அந்தத் துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன், அப்போது அந்நாட்டு விதி என்னை என்ன செய்யும்?’ என்று சிலர் கேட்பார்கள். கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் நுழையுமுன் அதிலுள்ள பயணிகள் அனைவரின் பட்டியலும் அந்நாட்டு அதிகாரிகளிடம் அளிக்கப்படுகிறது. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நம் பெயர் அதில் இருக்கும். தகுதியற்ற ஒருவரை ஏற்றி வந்தால் அவரைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பும் செலவும் பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தையே சாரும், தண்டமும் விதிக்கப்படலாம். அதனால்தான் நிறுவனங்கள் முதல் துறைமுகத்திலேயே கண்டிப்பாக இருக்கின்றன. ஏறவிடாமல் நிறுத்தினால், பொதுவாகப் பயணக் கட்டணமும் திரும்பி வருவதில்லை. தாள்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரும் மலேசியாவும் தம் நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து எண்ணுகின்றன. கப்பல் நிறுவனங்கள் பலவும் பயணம் முடியும் நாளிலிருந்து எண்ணச் சொல்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ வேறு வகையில் கணக்கிடுகின்றன: அந்நாடுகளை விட்டு வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் இருக்க வேண்டும், அதோடு கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றும் கப்பலில் செல்பவர் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் விதியால் இங்கிலாந்துக்காரர் சிலர் இடர்ப்பட்டனர். 2018 செப்டம்பர் வரை அந்நாட்டில், பழைய கடவுச்சீட்டில் எஞ்சியிருந்த மாதங்களுள் ஒன்பது வரை புதியதில் கூட்டித் தந்தார்கள். ஆகவே சில கடவுச்சீட்டுகள் பத்தாண்டு ஒன்பது மாதம் வரை செல்வனவாக இருந்தன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், ஷெங்கன் எல்லையில் அந்த மிகை மாதங்கள் கணக்கில் வரவில்லை. முடியும் நாளை மட்டுமன்றித் தொடங்கிய நாளையும் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதற்கு மாறான வழக்கமும் உலகில் உண்டு. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு, கரீபியத் தீவுகளைச் சுற்றி, அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்களில் அமெரிக்கக் குடிமக்கள் கடவுச்சீட்டு இல்லாமலே, பிறப்புச் சான்றிதழும் அரசு வழங்கிய படத்துடன் கூடிய அடையாள அட்டையும் காட்டி நாடு திரும்ப முடியும். 2009 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் இதற்கு இடந்தருகின்றன. இச்சலுகை அவர்களுக்கே உரியது. அங்கே வாழும் நம்மவர்க்கு உரியது அன்று. அதிலும் ஓர் இடர் உண்டு. இடையில் ஒரு தீவில் கப்பலைத் தவறவிட்டால், அல்லது நோயுற்று அங்கே இறக்கப்பட்டால், விமானத்தில் ஊர் திரும்பக் கடவுச்சீட்டு வேண்டும். வட்டமாகச் செல்லும் பயணம் வட்டமாகவே முடியும் என்பதற்கு உறுதி ஏது?

இனி, கணக்கில் விருப்பமுள்ள மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடவுச்சீட்டில் நம் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். எழுத்தும் எண்ணும் அம்புமுனை போன்ற குறிகளும் கலந்திருக்கும். அது பொறி படிப்பதற்கான பகுதி. உலக முழுவதும் அதற்கு ஒரே அமைப்பு. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த அமைப்பு அது. அவ்வரிகள் இல்லாத கடவுச்சீட்டுகளின் காலம் 2015 நவம்பர் 24ஆம் நாளோடு முடிய வேண்டும் என்று அந்நிறுவனம் வரையறுத்தது. இரண்டாம் வரியில் காலாவதி நாள் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் ஆறு எண்களாக இருக்கும். அதையடுத்து ஏழாவதாக ஓர் எண் இருக்கும். அது சரிபார்க்கும் எண். என் பழைய கடவுச்சீட்டில் 2025 மார்ச் 20 என்பது 250320 என்று இருந்தது. அடுத்த எண் 6. இந்த 6 எப்படி வந்தது?

ஆறு எண்களையும் முறையே 7, 3, 1, மீண்டும் 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 2ஐ 7ஆல் பெருக்க 14. 5ஐ 3ஆல் பெருக்க 15. 0ஐ 1ஆல் பெருக்க 0. 3ஐ 7ஆல் பெருக்க 21. 2ஐ 3ஆல் பெருக்க 6. 0ஐ 1ஆல் பெருக்க 0. கூட்டினால் 56. பத்தால் வகுத்தால் மீதி 6. அவ்வளவுதான். பொறி ஏதேனும் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் இந்த மீதி மாறிவிடும். பிழை உடனே தெரிந்துவிடும். 7, 3, 1 என்ற எண்களை ஏன் தேர்ந்தார்கள், 5, 2 ஆகியவற்றை ஏன் தேரவில்லை என்பதை வீட்டில் சிந்தித்துப் பாருங்கள். பத்துக்கும் அவற்றுக்கும் உள்ள பொதுக் காரணிகளை ஆராய்ந்தால் விடை கிடைக்கும். ஒரு பொறி, தேதியைப் படித்துவிட்டுத் தான் சரியாகப் படித்ததா என்று மீண்டும் சோதிக்கிறது. இருமுறை படிக்கும் வழக்கத்தை அந்தப் பொறி கைக்கொண்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைக்கொள்ளவில்லை.

பள்ளி மாணவர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்கோ, பதினெட்டு வயது நிறையும் வரையிலோ, எது முன்னதாக வருகிறதோ அதுவரைதான் கடவுச்சீட்டு வழங்கப்படும். பதினைந்து வயது கடந்தவர் விரும்பினால் பத்தாண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆகவே, ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் பெற்றிருந்தாலும் தந்தையின் கடவுச்சீட்டும் மகளின் கடவுச்சீட்டும் ஒரே நாளில் முடிவதில்லை. பெற்றோர் தம்முடையதைப் பார்த்துவிட்டு ‘எல்லோருக்கும் காலம் இருக்கிறது’ என்று எண்ணிவிடுவது எளிது. வீட்டில் படித்த பிள்ளை நீங்கள். எல்லாருடையதையும் எடுத்து, ஒரு தாளில் பெயருக்கு நேரே நாளைக் குறித்து வையுங்கள்.

நம் நாட்டில் காலாவதிக்கு ஓராண்டு முன்னரே புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எஞ்சிய மாதங்கள் புதியதில் சேர்க்கப்படுவதில்லை. அதனால் சிலர் ‘வீணாகிறதே’ என்று கடைசி வரை காத்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணினேன். சில மாதங்களை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு பயணத்தையே இழந்தேன். அவசரத் தேவைக்குத் தட்கால் முறையும் இருக்கிறது. ஆயினும் விமான நிலைய வாயிலில் நிற்பவருக்கு எந்த முறையும் உதவாது. புதிய கடவுச்சீட்டில் எண்ணும் மாறிவிடும். முன்னரே பதிவு செய்த பயணச்சீட்டிலும், கப்பல் நிறுவனத்தின் பட்டியலிலும் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். பழையதில் செல்லுபடியாகும் விசா இருந்தால், அதை அந்நாடு இன்னும் ஏற்குமா என்று கேட்டறிந்து, ஏற்குமாயின் இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். விசாவுக்கு உயிர் இருக்கிறது என்பதால் கடவுச்சீட்டுக்கு ஆயுள் கூடாது என்பதை நான் திருச்சியில் கற்றேன். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. உறவினர் சொன்னார், நண்பர் சென்ற ஆண்டு போய்வந்தார் என்பவை சான்றாகா. போகும் நாடுகளின் தூதரகமும் குடிநுழைவுத் துறையும் அறிவிப்பதையே நம்ப வேண்டும்.

அன்று விமான நிலையத்தில் என் மனைவி, “நீங்கள் வராமல் நான் மட்டும் எப்படிப் போவது? நானும் திரும்பிவிடுகிறேன்” என்றாள். அவளுடைய கடவுச்சீட்டுக்கு ஆறு ஆண்டு இருந்தது. “துறையில் அக்காள் வந்து நிற்பாள். நம்மில் ஒருவராவது இறங்க வேண்டும். நீ போய் வா” என்று சொல்லி அனுப்பினேன். அக்டோபர் 15ஆம் நாள் அக்காள் சொன்னபடியே பேரனோடு வந்து நின்றிருக்கிறாள். எனக்கென்று பொருள்விளங்கா உருண்டை செய்து ஒரு தூக்கில் கொண்டுவந்திருக்கிறாள். எனக்குக் கடவுச்சீட்டில் தடை என்று மகன் முன்பே சொல்லியிருந்தும், இறங்கிய கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அன்று மாலை தொலைபேசியில், “உன்னைத்தான் தேடினேன், தம்பி” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த உருண்டைகளை என் மனைவி ஊருக்குக் கொண்டுவந்தாள்.

மறுவாரமே புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தேன். காவல்துறைச் சரிபார்ப்பும் முடிந்து அது வந்துசேர்ந்தது. 2025 ஜனவரியில் விமானத்தில் பினாங்கு சென்றேன். அதற்கிடையில் அக்காள் வழுக்கி விழுந்து இடுப்பில் முறிவு ஏற்பட்டிருந்தது. கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள்; பேசினோம்; நாகையைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் மூன்று நாள் பேசினோம். அவளைக் கண்டதில் எனக்கு நிறைவே. ஆயினும், அவள் தன் காலால் நடந்துவந்து துறைமுகத்தில் எனக்காக நிற்க வாய்த்தது அந்த ஒரு நாள்தான். அந்த நாளில் நான் திருச்சியில் இருந்தேன். இருபத்து மூன்று நாள் குறைந்ததால் வந்த இழப்பு அது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் கடவுச்சீட்டு இருக்குமாயின், இந்தப் பேச்சு முடிந்ததும் அதை எடுத்துப் பாருங்கள். முடியும் நாளைக் குறியுங்கள். அதிலிருந்து ஆறு மாதத்தைக் கழியுங்கள். கழித்து வரும் நாளையே அதன் உண்மையான முடிவாகக் கொள்ளுங்கள். அந்த நாளுக்கும் மூன்று மாதம் முன்னதாகப் புதியதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு எந்தக் கப்பல் எந்தத் துறைக்குச் சென்றாலும், கரையில் உங்களுக்காகக் காத்திருப்பவர் ஏமாற வேண்டியிராது.